தொண்ணூற்றொன்றில் நின்ற எண்

ஹெலினாவின் நாத்தனார் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பட்டாபிராமில் ஒரே குடியிருப்பில் எதிரெதிர் வீடு, அழைக்காமல் இருப்பார்களா? கோவிலில் பூசை முடிந்து, மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையேறினார்கள். ஹெலினாவை மட்டும் காணோம். அவள் கணவர் மேக்ஸ்வெல் மேடையிலிருந்தே என்னைப் பார்த்து, "டீச்சர், எங்க போனாள்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு அண்டாவின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடி வந்து புடவைக் கரையை நனைத்திருந்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"ரெண்டே நிமிஷம்க்கா. சர்வர் எழுந்துடும், வந்துடுறேன்."

நாங்கள் மேடைக்குப் போனபோது புகைப்படக்காரர் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேக்ஸ்வெல் அவளுடைய நனைந்த புடவைக் கரையைப் பார்த்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அவர் திட்டாமல் போனதுதான் ஹெலினாவுக்குத் தாங்கவில்லை என்று பின்னால் சொன்னாள்.

அவள் பிறந்து வளர்ந்தது வேப்பம்பட்டில். தாய் இல்லை. அப்பா அருள்தாஸ் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேப்பம்பட்டிலேயே தனியாக இருக்கிறார். ஹெலினா எம்.சி.ஏ. படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே செய்து கொடுத்த மென்பொருள்களில் ஒன்று ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவைக்கானது. பூந்தமல்லியில் அந்தச் சேவையின் அழைப்பு மையம் இருக்கிறது. யாராவது போன் செய்தால், பக்கத்தில் எந்த வண்டி காலியாக இருக்கிறது என்று பார்த்து அனுப்புவது இந்த மென்பொருள்தான். அது தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது ஹெலினாவின் வேலை.

வேலையின் மையம் ஒரே ஒரு எண். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஓடுகிற மென்பொருள் தனக்கு வேண்டியதையெல்லாம் சர்வரின் மெமரியில் போட்டுக்கொண்டே போகும். வேலை முடிந்தபின் வேண்டாததை எடுத்துக் காலி செய்ய உள்ளுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. ஜி.சி. என்பார்கள். மெமரியை அது சமமான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். இப்போதுதான் வந்த சரக்குக்குச் சில கட்டங்கள். நெடுநாள் தங்கிவிட்ட சரக்குக்குச் சில கட்டங்கள். இந்தப் பழைய சரக்கின் தொகுதிக்கு 'ஓல்ட் பூல்' என்று பெயர். கடைசியாகச் சுத்தம் செய்தபிறகும் அந்தப் பூலில் எத்தனை சதவீதம் நிறைந்திருந்தது என்று கேட்டால் சொல்லும். எண்பத்தைந்தைத் தாண்டினால் ஹெலினாவின் போனில் சைரன் அடிக்கும். அடித்தால் பத்து நிமிடத்துக்குள் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும். அது கம்பெனி விதி.

விதி சும்மா வரவில்லை. ஹெலினா சேருவதற்கு முன்னால் ஒருமுறை மெமரி முழுக்க நிரம்பி, சர்வர் படுத்து, அரை நாள் எழவேயில்லையாம். அவளுடைய மேலாளர் ரவிச்சந்திரன் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது இன்னமும் குரலைத் தாழ்த்திக்கொள்வார் என்பாள்.

சைரன் வாரத்தில் மூன்று நான்கு முறை அடிக்கும். பெரும்பாலும் பகலில்தான். ஆம்புலன்ஸ் சேவையின் அலுவலகத்தில் யாராவது பெரிய அறிக்கை ஒன்றைக் கேட்டால் அடிக்கும். என்று கேட்பார்கள், எப்போது கேட்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. முன்பு இன்னொருவர் துணைக்கு இருந்தார். அவர் வேறு வேலைக்குப் போனபின் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. சைரன் முழுக்க ஹெலினாவுக்கு என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கை பத்து நிமிட தூரத்துக்குள் சுருங்கியது. மார்க்கெட்டுக்குப் போனால் தோளில் லேப்டாப் பை. பூசையில் முழந்தாள்படியிட்டால் பக்கத்தில் பை. வேப்பம்பட்டு எத்தனை தூரம், சில ஸ்டேஷன்கள்தான். ஆனால் ரயிலில் ஒருமுறை நெட்வொர்க் போய், திருநின்றவூரில் இறங்கிப் பிளாட்பாரத்தில் ஓடி ஓடி சிக்னல் தேடியதிலிருந்து அவள் அங்கே போவதையே நிறுத்திவிட்டாள். அப்பாதான் மூட்டுவலியோடு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. சர்வரை நிறுத்தினால் எழுந்து வரச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடங்களில் அழைப்பு மையத்தில் திரை கறுப்பாக இருக்கும். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல், டிரைவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருப்பார்கள். அங்கே ஷிஃப்ட் பொறுப்பாளர் சுலோசனா. ஒருநாள் அவர் ஹெலினாவைக் கூப்பிட்டார்.

"மேடம், உங்களைக் குத்தம் சொல்லலை. நீங்க ஆஃப் பண்ண நேரத்துல பாரிவாக்கத்துலேர்ந்து ஒரு பிரசவ கேஸு. பக்கத்துலயே வண்டி நின்னிருக்கு, எங்களுக்குத் தெரியலை. கடைசியில ஷேர் ஆட்டோவுல தூக்கிக்கினு போனாங்க."

"குழந்தை?" என்று கேட்டாள் ஹெலினா.

"நல்லா கீதாம். சொல்லணும்னு தோணுச்சு, அவ்ளோதான்."

அன்றிலிருந்து சைரன் அடித்தால் அவளுக்கு அந்த ஷேர் ஆட்டோதான் நினைவுக்கு வரும். நிறுத்தினால் எங்கோ ஒருவர் வண்டிக்குக் காத்துக் கிடப்பார். நிறுத்தாவிட்டால் எல்லாமே படுத்துவிடும், அப்போது எத்தனை பேர்? இரண்டில் எதைச் செய்தாலும் தப்பு. யோசிக்கப் பத்து நிமிடம். எப்போதும் நிறுத்துவாள். நிறுத்திவிட்டு, திரை திரும்ப வரும்வரை செபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பாள்.

"வேலையை உட்டுடேன்" என்று மேக்ஸ்வெல் ஒருநாள் சொன்னார். அவருக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை.

"உட்டுட்டா, அப்புறம் அந்த சைரனுக்கு யாரு எழுந்து போவாங்க?" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே எரிச்சல் வந்தது. உலகத்தில் வேறு ஆளே இல்லையா? ஆனால் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. கதவு திறந்திருந்தாலும் போகத் தெரியாத நிலை.

அது ஒரு சனிக்கிழமை, மத்தியானம். மழை கட்டிக்கொண்டு வந்தது. மேக்ஸ்வெல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஹெலினா வீட்டைப் பூட்டிக்கொண்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். லேப்டாப் வீட்டுக்குள் இருந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று பையை விட்டுவிட்டுப் போனது அந்த ஒருமுறைதான். அவள் வழக்கமாக லிஃப்டில் ஏற மாட்டாள். அன்றைக்கு வாளி நிறையத் துணி, இறங்கும்போது லிஃப்டில் ஏறினாள். இரண்டு மாடி இறங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது.

தட்டுகிற சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். லிஃப்ட் எங்கள் மாடிக்கும் மேல் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது.

"யாரு உள்ள?"

"நான்தான்க்கா, ஹெலினா."

காவலாளி உத்தமன் கீழேயிருந்து ஓடி வந்தான். கதவில் வாயை வைத்துக் கத்தினான். "மேடம், நீங்களா உள்ள கீறீங்க? பயப்படாதீங்க. கரண்டு போய்க்கீது, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. லிஃப்ட் சாவி செக்ரெட்டரி ஊட்டுல கீது. அவரு ஆவடி போய்க்கீறாரு. போன் பண்ணிட்டேன், வந்துகினு கீறாரு."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"மழை வேற வருது மேடம். இன்னா சொல்றது."

அப்போது உள்ளே சைரன் அடித்தது. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். ஆனால் இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டபோது உத்தமனும் நானும் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம்.

"அக்கா! தொண்ணூத்தொண்ணு! பூல் தொண்ணூத்தொண்ணுல நிக்குது!"

"நான் போய் உன் லேப்டாப்பை எடுத்துத் தட்டட்டுமா? என்ன பண்ணணும்னு சொல்லு."

"வீட்டுச் சாவி என் கையில இருக்குக்கா!"

கதவைக் கையால் அறைகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு ரவிச்சந்திரனைக் கூப்பிட்டாள். இணைப்பு கிடைக்கவில்லை. அவர் அன்று விமானத்தில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அலுவலகத்தில் வேறு யாரிடமும் அந்தச் சர்வருக்குள் நுழைய அனுமதி இல்லை. பத்து நிமிடம் கடந்தது. சைரன் திரும்ப அடித்தது. திரும்பவும் தொண்ணூற்றொன்று.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இருட்டில் அவள், ஈரத் துணி வாளியோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். இப்போது படுத்திருக்கும், இப்போது படுத்திருக்கும் என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்ததாம். படுத்தால் சுலோசனா கூப்பிடுவார். அந்த அழைப்புக்காகவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுலோசனா கூப்பிட்டார். எனக்குக் கேட்கும்படி ஹெலினாவின் குரல் உடைந்தது. "சொல்லுங்க சுலோசனா. போயிடுச்சா?"

எதிர்முனை என்ன சொன்னது என்பதை அவளே பின்னால் சொன்னாள். "எது போயிடுச்சா? மேடம், ஒரு உதவி. ஹைவேயில பஸ்ஸும் லாரியும் மோதி இருபது பேருக்கு மேல அடி. எல்லா வண்டியும் ரோட்டுல கீது. ஒண்ணொண்ணா அனுப்பிக்கினு இருக்கோம். தயவுசெஞ்சு இப்ப மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க."

"ஓடுதா?"

"சூப்பரா ஓடுது. ஏன் கேக்கறீங்க?"

ஹெலினா விளக்குவதற்குள் சுலோசனா அடுத்த அழைப்பை எடுக்கப் போனை வைத்துவிட்டார்.

நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "இருக்கேன்க்கா" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. சைரன் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே எண். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் எண் மேலே போகும், கீழே வரும், ஒரு புள்ளியாவது அசையும். இது அசையவில்லை. நின்றுபோன கடிகாரத்தைப் பார்ப்பது போல இருந்தது என்றாள்.

செயலாளர் இராமகிருஷ்ணன் தொப்பலாக நனைந்து சாவியோடு வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாண்டியிருந்தது. உத்தமன் கதவைத் தள்ளித் திறந்தான். மேல் பாதியில் ஓர் இடைவெளி. நாற்காலி போட்டு அவளை இறக்கினோம். நைட்டியெல்லாம் வேர்வை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. நேராக வீட்டைத் திறந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே போனேன். கரண்ட் இன்னும் வரவில்லை. பேட்டரியில் திரை வெளிச்சம் மட்டும்.

நிறுத்துவதற்கான கட்டளையை அடித்துவிட்டாள். அனுப்ப வேண்டிய விசையின்மேல் விரல் இருந்தது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் அழித்தாள்.

"இதுவரைக்கும் ஒரு தடவைகூட பத்து நிமிஷத்துக்கு மேல விட்டுப் பார்த்ததே இல்லக்கா. விட்டா என்ன ஆகும்னு யாருக்குமே தெரியாது."

ஜி.சி. எப்போது எந்தக் கட்டத்தைக் காலி செய்தது என்று சர்வர் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்து பார்த்தாள். மத்தியானம் யாரோ பெரிய அறிக்கை கேட்டிருக்கிறார்கள். மெமரி நெருக்கடியாகி, ஜி.சி. எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முழுச் சுத்தம் ஒன்று செய்திருக்கிறது. அறிக்கை பாதியில் இருந்ததால் அதன் சரக்கைத் தள்ள முடியாமல் தொண்ணூற்றொன்று சதவீதம் மிஞ்சியிருக்கிறது. அதுவரை சரி. ஆனால் அறிக்கை முடிந்தபிறகு ஜி.சி. சும்மா இருக்கவில்லை. புதுக் கட்டங்களைச் சுத்தம் செய்யும்போதே பழைய கட்டங்களிலும் நாலைந்தைச் சேர்த்துச் சேர்த்துக் காலி செய்துகொண்டே வந்திருக்கிறது. அவள் லிஃப்டுக்குள் கதவை அறைந்துகொண்டிருந்த நேரத்தில் ஓல்ட் பூல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டிருந்தது.

சைரனை அடிக்க வைக்கிற அந்த எண்ணில் மட்டும் இது ஏறவில்லை. அவர்கள் பயன்படுத்திய ஜி.சி.யின் பழைய பதிப்பில், முழுச் சுத்தம் நடந்தால்தான் அந்த எண் புதுப்பிக்கப்படும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்வது அந்தப் பூலின் கணக்கில் சேராது. எண் பொய் சொல்லவில்லை. முன்பு நடந்ததை ஒரு மணி நேரம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சர்வரை நிறுத்தினால் எண்ணும் அழிந்துபோகும், சைரன் அடங்கும். நிறுத்தியதால்தான் சரியாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். லேப்டாப்பை மூடாமல் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றாள். "கரண்ட் போகலைன்னா நான் வீட்டுல இருந்திருப்பேன்க்கா. இருந்திருந்தா ஆஃப் பண்ணியிருப்பேன். அத்தனை வண்டியும் ரோட்டுல நிக்கும்போது." ஷேர் ஆட்டோவில் போன பெண்ணை நினைத்திருப்பாள். நான் அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்தேன்.

திங்கட்கிழமை ரவிச்சந்திரனிடம் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. வரிவரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, "நீ சொல்றது புரியுது ஹெலினா. ஆனா இந்த சைரன் அலர்ட்டை எடுத்துட்டு, ஒருநாள் நெஜமாவே நிரம்பினா?" என்றார். அவருக்கும் அந்த அரை நாள் மறக்கவில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பழைய சைரன் அப்படியே அடிக்கட்டும். அதோடு கூட, ஓல்ட் பூலில் இந்த நிமிடம் எவ்வளவு இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்தபிறகும் அது இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்கிற புது அலர்ட் ஒன்றை வைப்பது. ஒரு மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அதுவரை, புது அலர்ட் சொல்லாமல் சர்வரைத் தொடக்கூடாது.

விடுதலை வந்துவிட்டது என்று மேக்ஸ்வெல் கேக் வாங்கி வந்தார். உண்மையில் அந்த மாதம்தான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது. முன்பாவது சைரன் அடித்தால் செய்ய ஒரு வேலை இருந்தது. இப்போது சைரன் அடிக்க அடிக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். போனைத் திருப்பிப் போட்டு வைப்பாள். ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் எடுத்துப் பார்ப்பாள். "இறங்குதுக்கா. இறங்குது" என்பாள். இறங்குவது தெரிந்தும் அடுத்த வாய்க்குள் திரும்ப எடுத்துப் பார்ப்பாள். நான் கணக்கு டீச்சர். தேர்வறையில் விடை தெரிந்தும் எழுதப் பயப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது வேறு.

மாதம் முடிவதற்குள் ஒரு முறை புது அலர்ட்டும் அடித்தது. அப்போது உண்மையாகவே இறங்கவில்லை. மென்பொருளில் யாரோ செய்த மாற்றத்தால் சரக்கு தேங்கிக்கொண்டே போனது. ஹெலினா முதலில் சுலோசனாவைக் கூப்பிட்டாள்.

"சுலோசனா, இந்தத் தடவை நிறுத்தித்தான் ஆகணும். எப்ப நிறுத்தட்டும், நீங்க சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் மேடம். திருமழிசை வண்டி ஆஸ்பத்திரிக்குள்ள போயிடட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "ம், இப்ப பண்ணுங்க. எல்லா டிரைவரும் லைன்ல கீறாங்க" என்றார்.

யாரும் காத்துக் கிடக்கவில்லை. பழைய சைரனை அன்றே எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி அவளைப் பாராட்டியது. கூடவே, ஹெலினாவுக்கு இப்போது நேரம் இருக்கிறதே என்று இன்னும் மூன்று வாடிக்கையாளர்களின் சர்வர்களையும் அவள் போனில் சேர்த்தது. ரவிச்சந்திரன் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

அவள் கத்தவில்லை. "இன்னொரு ஆள் வேணும் சார். வாரம் விட்டு வாரம். இல்லைன்னா என்னால முடியாது" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று மேக்ஸ்வெல் என்னிடம் சொன்னார். ஆள் வர நாளாயிற்று. பவ்யா என்று மதுரைப் பக்கத்துப் பெண் வந்து சேர்ந்தாள். அம்பத்தூரில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள்.

முதல் ஓய்வு வாரத்தில் ஹெலினா வேப்பம்பட்டுக்குப் போனாள். அருள்தாஸ் மீன் வாங்கி வைத்திருந்தார். சாப்பிடும்போது அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல டாடி."

உட்கார்ந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம்வரை இருக்க வந்தவள், அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டாள். தன் வாரம் இல்லை என்பது தலைக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை என்றாள். அது தெரிய இன்னும் எத்தனை வாரம் ஆகுமோ.

போன மாதம் வேறு ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தாள். வேலை பற்றி நன்றாகவே பேசினார்களாம். கடைசியில் ஒருவர், "அலர்ட் வந்தா எந்த நேரத்துலயும் பார்ப்பீங்கள்ல?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"பார்ப்பேன், ஆனா தனியா பார்க்க மாட்டேன்னு சொன்னேன்க்கா."

அவர்கள் இன்னும் கூப்பிடவில்லை.